நோயாளியின் வலி அறிந்த நைட்டிங்கேல் அம்மையார்

1853-ம் ஆண்டு ஏப்ரல் 16-ந் தேதி. பம்பாய் போரிபந்தரில் இருந்து தாணேக்கு இந்தியாவின் முதல் பயணிகள் ரெயில் புறப்பட்டது. 14 பெட்டிகள், 400 விருந்தினர்கள், 21 மைல் தூரம். தாணே என்ற பெயர் சரித்திரத்தில் ஏறிய நாள் அது.

அதற்கு 9 நாட்களுக்கு முன்பு, ஏப்ரல் 7-ந் தேதி, லண்டனில் விக்டோரியா மகாராணிக்கு 8-வது குழந்தை பிறந்தது. பிரசவ வலி தெரியாமல் இருக்க, டாக்டர் ஜான் ஸ்நோ மகாராணிக்கு குளோரோபாம் மருந்தை முகரக் கொடுத்தார். பிள்ளை பெறும் வலியைப் பெண் தாங்கித்தான் ஆகவேண்டும், அதை மருந்தால் குறைப்பது பாவம் என்று பேசியவர்கள் பலர் இருந்த காலம். மகாராணியே அந்த மருந்தை ஏற்றுக்கொண்டதும் பேச்சு அடங்கத் தொடங்கியது.

அதே ஆண்டில்தான் எடின்பரோ நகரில் அலெக்சாண்டர் உட் என்ற டாக்டர், ஊசி மூலம் வலி மருந்தைத் தோலுக்கு அடியில் செலுத்தும் முறையைக் கண்டார்.

அதே 1853-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், 33 வயதுப் பெண் ஒருவர் லண்டனில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் பொறுப்பை ஏற்றார். அவர்தான் புளோரன்ஸ் நைட்டிங்கேல். கைவிளக்கு ஏந்திய காரிகை என்று பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் நாம் படித்தவர். விளக்கைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். நோயாளியின் வலியைக் குறைக்க அவர் என்னென்ன செய்தார், அவரே எத்தனை ஆண்டுகள் வலியில் கிடந்தார் என்பது பலருக்குத் தெரியாது.

செல்வச் சீமாட்டியின் பிடிவாதம்

நைட்டிங்கேல் அம்மையார் 1820-ம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி இத்தாலி நாட்டில் புளோரன்ஸ் நகரில் பிறந்தார். ஊர்ப் பெயரையே பெற்றோர் பிள்ளைக்கு வைத்துவிட்டார்கள். தந்தை பெரும் செல்வர். இங்கிலாந்தில் அவருக்கு இரண்டு மாளிகைகள் இருந்தன. மகள்கள் இருவருக்கும் அவரே ஆசிரியராக இருந்து கணக்கும் மொழிகளும் சரித்திரமும் கற்றுக்கொடுத்தார்.

17 வயது நிறையும் முன்பே, கடவுள் தன்னைத் தொண்டுக்கு அழைக்கிறார் என்ற எண்ணம் புளோரன்சுக்கு வந்துவிட்டது. நர்சு வேலைக்குப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது தாயும் அக்காளும் அழுது தீர்த்தார்கள். காரணம் இருந்தது. அந்தக் காலத்து நர்சுகளுக்குப் பயிற்சி கிடையாது. குடிப்பழக்கம் உள்ளவர்கள், வேறு வேலை கிடைக்காதவர்கள் என்றுதான் ஊரார் அவர்களை எண்ணினார்கள். மாளிகைப் பெண் அந்த வேலைக்குப் போவதா என்று குடும்பம் தடுத்தது.

நல்ல இடத்தில் வரன் வந்தது. பல ஆண்டுகள் காத்திருந்த மில்ன்ஸ் என்ற கனவானை 1849-ல் புளோரன்ஸ் மறுத்துவிட்டார். 1851-ல் ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில் இருந்த தொண்டு நிலையத்துக்குச் சென்று 3 மாதம் பயிற்சி பெற்றார். கடைசியில் தந்தை மனம் இளகி, மகளுக்கு ஆண்டுக்கு 500 பவுன் செலவுக்குக் கொடுக்கச் சம்மதித்தார்.

மணி அடித்தால் யார் வருவார்?

லண்டன் ஆஸ்பத்திரியில் பொறுப்பு ஏற்றதும் அவர் கேட்ட வசதிகள் வேடிக்கையாகத் தோன்றும். ஒவ்வொரு மாடிக்கும் குழாயில் வெந்நீர் வரவேண்டும். சமையல் அறையில் இருந்து சாப்பாட்டை மேலே தூக்க ஒரு ஏற்றப்பெட்டி வேண்டும். நோயாளி மணி அடித்தால், அடித்தவர் யார் என்று நர்சு பார்த்த உடனே தெரியும்படி மணியில் ஒரு மூடி திறந்தபடி நிற்கவேண்டும்.

இவை எதற்கு? நர்சு மாடிப்படி ஏறி இறங்குவதிலேயே பாதி நாளைக் கழித்தால் நோயாளியின் பக்கத்தில் யார் இருப்பது? வலியில் துடிப்பவர் மணி அடித்துவிட்டு, யாராவது வருவார்களா என்று காத்துக்கிடப்பதே இன்னொரு வேதனை. வலியைக் குறைக்கும் வேலை மருந்துப் புட்டியில் தொடங்கவில்லை, கூப்பிட்டால் ஆள் வருவதில் தொடங்குகிறது என்பதை அம்மையார் முதல் வேலையிலேயே கண்டுகொண்டார்.

ஸ்கூட்டாரி ஆஸ்பத்திரி

1854-ல் இங்கிலாந்தும் பிரான்சும் துருக்கிக்குத் துணையாக ரஷியாவுடன் போர் தொடுத்தன. கிரிமியா போர் என்று பெயர். காயம்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களைக் கப்பலில் ஏற்றி, கான்ஸ்டாண்டிநோபிள் நகருக்கு எதிர்க்கரையில் ஸ்கூட்டாரி என்ற இடத்தில் இருந்த பட்டாளக் கட்டடத்துக்குக் கொண்டுவந்து போட்டார்கள். கட்டுப்போடத் துணிகூட இல்லை என்று லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் செய்தி வந்ததும் நாடே கொதித்தது. போர்த்துறை மந்திரி சிட்னி ஹெர்பர்ட் அம்மையாரின் நண்பர். அவருடைய வேண்டுகோளின்படி அம்மையார் 38 நர்சுகளுடன் அக்டோபர் 21-ந் தேதி புறப்பட்டு நவம்பர் 4-ந் தேதி போய்ச் சேர்ந்தார்.

மறுநாளே இன்கர்மன் என்ற இடத்தில் பெரிய சண்டை. காயம்பட்டவர்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். தாழ்வாரங்களில் எல்லாம் தரையில் பாய் விரித்துப் படுக்கவைத்தார்கள். பேன், எலி, நாற்றம். கட்டடத்துக்கு அடியில் சாக்கடை அடைத்துக் கிடந்தது.

ராணுவ டாக்டர்கள் பெண்களை முதலில் வார்டுக்குள் விடவில்லை. அம்மையார் சண்டை போடவில்லை. டாக்டர்கள் கூப்பிடும் வரை பொறுத்திருந்தார். அந்த நாட்களில் நர்சுகளைச் சும்மா உட்காரவைக்கவும் இல்லை. சட்டை தைக்கச் சொன்னார். கையைத் தொங்கவிடும் கட்டுகள் தைக்கச் சொன்னார். கால் அறுக்கப்பட்டவர்களின் மிச்சக் காலுக்கு அடியில் முட்டுக்கொடுக்கச் சிறு தலையணைகள் செய்யச் சொன்னார்.

அந்தச் சிறு தலையணையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கவேண்டும். அறுத்த கால் அசைந்தால் உயிர் போகும் வலி. அடியில் மெத்தென்று ஒரு முட்டு இருந்தால் அசைவு குறையும், வலியும் குறையும். பத்து காசு பெறாத பஞ்சு மூட்டை, ஒரு சிப்பாய்க்கு ஒரு ராத்திரித் தூக்கத்தைக் கொடுத்தது.

அலறட்டும் என்றவர்

கிரிமியா போரில் பிரிட்டிஷ் ராணுவத்தின் தலைமை மருத்துவ அதிகாரி டாக்டர் ஜான் ஹால். குளோரோபாம் விஷயத்தில் எச்சரிக்கையாக இருங்கள் என்று 1854-ல் அவர் தன் டாக்டர்களுக்குச் சுற்றறிக்கை விட்டார். கத்தியின் எரிச்சல் உடம்பைத் தட்டி எழுப்பும், சத்தம் இல்லாமல் சாவதைவிட சிப்பாய் வாய்விட்டு அலறுவது நல்லது என்பது அவர் கருத்து. அதற்கு ஒரு காரணமும் இருந்தது. அளவு தவறினால் குளோரோபாம் ஆளைக் கொன்றுவிடும். இருந்தாலும் களத்தில் இருந்த டாக்டர்களில் மிகப் பலர் அந்த மருந்தைக் கொடுத்தே அறுவை செய்தார்கள்.

இந்த ஹாலுக்கும் அம்மையாருக்கும் கடைசி வரை ஒத்துப்போகவில்லை. நர்சுகள் மீது யாருக்கு அதிகாரம் என்பதில் இருவருக்கும் ஓயாத மோதல்.

ஸ்கூட்டாரியில் இடம் இல்லாததால் வார்டிலேயே எல்லோர் கண் முன்பும் கை கால்களை அறுத்தார்கள். நாளைக்கு அறுக்கப்படவேண்டியவன், இன்றைக்குப் பக்கத்துக் கட்டிலில் தோழன் கத்திக்கு அடியில் சாவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். இதைக் கண்ட அம்மையார் உடனே ஒரு மறைப்புத் தட்டிக்கு ஏற்பாடு செய்தார். பயம் வலியைக் கூட்டும் என்பதற்கு அவருக்குப் புத்தகச் சான்று எதுவும் தேவைப்படவில்லை. கண் முன்னே கண்டார்.

சிப்பாய்களின் மனைவிமார்களை வேலைக்கு அமர்த்தி, வெந்நீர்க் கொப்பரைகள் வைத்து, துணி வெளுக்கும் இடம் ஒன்றைத் தொடங்கினார். நோயாளிகளுக்குத் தனிச் சமையல் ஏற்பாடு செய்தார். அலெக்சிஸ் சோயர் என்ற புகழ்பெற்ற சமையல்காரர் 1855-ல் லண்டனில் இருந்து தாமாகவே வந்து உதவினார். இறக்கும் சிப்பாய்களின் வீட்டுக்கு அம்மையாரே கடிதம் எழுதினார்.

இரவு 8 மணிக்கு மேல் மற்ற நர்சுகள் வார்டுக்குள் போகக்கூடாது என்பது அவருடைய கண்டிப்பான உத்தரவு. அவர் மட்டும் விளக்கை எடுத்துக்கொண்டு மைல் கணக்கில் நீண்டிருந்த கட்டில் வரிசைகளைச் சுற்றிவருவார். படங்களில் காட்டுவதுபோல் அது எண்ணெய்க் கிண்ண விளக்கு இல்லை. மடித்துவைக்கக்கூடிய துருக்கிக் கூண்டு விளக்கு. பகலில் சத்தத்தில் மறந்திருக்கும் வலி இரவில் தலைதூக்கும். அந்த நேரத்தில் ஒருவர் வருவார், நின்று பார்ப்பார் என்ற நம்பிக்கையே அந்தச் சிப்பாய்களுக்குப் பாதி மருந்தாக இருந்தது.

கணக்குப் பார்த்தபோது

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லவேண்டும். அம்மையார் வந்தவுடன் சாவு குறைந்துவிடவில்லை. 1855 பிப்ரவரியில் ஸ்கூட்டாரியில் 100-க்கு 42 பேர் இறந்தார்கள். மார்ச் மாதம் லண்டனில் இருந்து வந்த சுகாதாரக் குழு, அடைத்துக் கிடந்த சாக்கடைகளைக் கழுவிவிட்டு, காற்றோட்டத்துக்கு வழி செய்த பிறகுதான் ஜூன் மாதத்துக்குள் அது 100-க்கு 2 என்ற அளவுக்கு இறங்கியது.

ஊர் திரும்பிய பின் புள்ளிவிவர நிபுணர் வில்லியம் பார் என்பவருடன் உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது அம்மையாருக்கே இது முழுதாக விளங்கியது. காயத்தால் இறந்தவர்களைவிட ஆஸ்பத்திரிக் கிருமிக்கும் காய்ச்சலுக்கும் கழிச்சலுக்கும் இறந்தவர்களே மிக அதிகம். மனம் நொந்துபோனார். ஆனால் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. அந்தக் கணக்கை வண்ணப் படங்களாக வரைந்து மந்திரிகள் முன் வைத்தார். 1858-ல் லண்டன் புள்ளிவிவரச் சங்கம் அவரை உறுப்பினராகச் சேர்த்தது. அந்தச் சங்கத்தில் சேர்ந்த முதல் பெண் அவர்தான்.

அம்மையாருக்கே வந்த வலி

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது நம்மவர் பழமொழி. 1855 மே மாதம் கிரிமியாவில் அம்மையாருக்குக் கடும் காய்ச்சல் கண்டது. பிழைப்பதே அரிது என்ற நிலை. பிழைத்தார். ஆனால் அந்த நோய் அவரை விட்டுப் போகவில்லை. ஆட்டுப்பால், மாட்டுப்பால் மூலம் பரவும் புருசெல்லா என்ற கிருமியால் வந்த காய்ச்சலாக இருக்கலாம் என்பது இக்கால ஆராய்ச்சியாளர்கள் பலரின் கருத்து. விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டு வலி, முதுகெலும்பில் தாளாத வலி, தூக்கமின்மை, மனச்சோர்வு எல்லாம் அந்த நோயின் குணங்கள்.

1857-ல் அவர் படுக்கையில் விழுந்தார். 1860-களில் பல ஆண்டுகள் நடக்கவே முடியவில்லை. ஓர் அறையில் இருந்து இன்னோர் அறைக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டிய நிலை. அந்த நாட்களில்தான் புதிதாக வந்திருந்த ஊசி மருந்தை, அபினை, டாக்டர்கள் அவருடைய தோலுக்கு அடியில் செலுத்தினார்கள். ஒரு நாள் முழுவதும் வலி அடங்கியது என்று நண்பர்களுக்கு எழுதினார். அறிவு மட்டும் கொஞ்சம் மந்தமாகிறது என்பதையும் ஒளிக்காமல் எழுதினார். மருந்தின் நன்மையையும் தீமையையும் ஒரே தட்டில் வைத்துச் சொன்ன நோயாளி அவர்.

அபின் வியாபாரமும் கவனிக்கத்தக்கது. அக்காலத்தில் மால்வா பிரதேசத்து அபின் பம்பாய்த் துறைமுகத்தில் இருந்து கப்பல் கப்பலாகச் சீனாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. பைகுல்லாவில் 1845-ல் திறக்கப்பட்ட ஜே.ஜே. ஆஸ்பத்திரியைக் கட்டிக்கொடுத்த சர் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாயின் செல்வத்திலும் சீன வியாபாரத்துக்குப் பங்கு உண்டு. ஒரு நாட்டைக் கெடுத்த அதே சரக்கு, அளவோடு கொடுத்தால் நோயாளிக்கு உறக்கம் தந்தது.

சிறு புத்தகம் சொன்ன பெரிய பாடம்

1860-ல் அம்மையாரின் நர்சு வேலை பற்றிய குறிப்புகள் புத்தகமாக வந்தன. வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் சாதாரணப் பெண்களுக்காக எழுதிய புத்தகம் அது. நோயாளி படும் அவதி எல்லாம் நோயால் வருவது என்று நினைக்காதீர்கள், காற்று, வெளிச்சம், சூடு, அமைதி, சுத்தம், வேளைக்குச் சாப்பாடு இவை குறைவதாலும் அவதி வருகிறது என்பதே அதன் அடிப்படை.

அதில் அவர் சொல்லும் யோசனைகள் எல்லாம் காசு செலவில்லாதவை.

முதல் தூக்கத்தில் இருப்பவரை எழுப்பக்கூடாது. சில நிமிடத்தில் எழுப்பப்பட்டவருக்கு மறுபடி தூக்கம் வராது. சில மணி நேரம் தூங்கியவர் விழித்தாலும் மறுபடி தூங்குவார். வலி தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் தன்மை உடையது. தூக்கத்தால் அதற்கு ஓர் இடைவெளி கிடைத்தால் அந்தத் தொடர் அறுபடும் என்று அவர் கண்டிருந்தார்.

நோயாளியின் கட்டிலில் உட்காரக்கூடாது, சாயக்கூடாது, இடிக்கக்கூடாது. அவர் தலையைத் திருப்பாமல் பார்க்கும்படி எதிரே உட்கார்ந்து பேசவேண்டும். அறைக்குள்ளோ கதவுக்கு வெளியிலோ குசுகுசு என்று பேசக்கூடாது. தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நோயாளி காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பார்.

கனமான போர்வை வேண்டாம், லேசானது போதும். தலையணையை முதுகுக்கு முட்டாக வைத்தால் மூச்சு எளிதாக வரும். விடியற்காலையில் கால்கள் சில்லிட்டுப்போகும். வெந்நீர்ப் புட்டியைக் காலடியில் வைக்கவேண்டும். பல நாள் ஒரே சுவரைப் பார்த்துக் கிடப்பவருக்குச் சன்னல் தெரியும்படி கட்டிலைத் திருப்பிப் போடுவதும், ஒரு கொத்துப் பூவைக் கண்ணில் படும்படி வைப்பதும் மருந்துதான்.

ராத்திரி நன்றாகத் தூங்கினீர்களா என்று கேட்பதில் பயன் இல்லை. எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், எந்த நேரத்தில் விழித்தீர்கள் என்று கேட்கவேண்டும். இன்றைய ஆஸ்பத்திரிகளில் வலி எங்கே, எப்போது, 10-க்கு எத்தனை என்று நர்சுகள் கேட்டு எழுதிக்கொள்கிறார்களே, அந்தப் பழக்கத்தின் வேர் இந்தக் கேள்வியில் இருக்கிறது.

எல்லாவற்றிலும் முக்கியமாக, நோயாளியைக் காக்கவைக்கக்கூடாது என்றார். எப்போது வருவார்களோ, என்ன செய்வார்களோ என்ற ஏக்கமும் திகைப்பும் உடல் உழைப்பைவிட அதிகமாக நோயாளியை வாட்டும். போகும்போது எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும். சொன்ன நேரத்துக்கு வரவேண்டும். எல்லாம் சரியாகிவிடும் என்று வெறும் ஆறுதல் சொல்லும் விருந்தாளிகள் மீது அம்மையாருக்கு அளவில்லாத கோபம். நோயாளியின் உண்மையான துன்பத்தைக் காதில் வாங்காமல் வாயை அடைக்கும் பேச்சு அது என்பது அவர் எண்ணம்.

அதே 1860-ம் ஆண்டு, மக்கள் நன்கொடையாகச் சேர்ந்த பணத்தில் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நர்சு பயிற்சிப் பள்ளி தொடங்கியது. நர்சு வேலை படித்துச் செய்யும் தொழில் ஆனது.

வராமலே அறிந்த இந்தியா

இந்தியாவுக்கு ஒரு முறையாவது வரவேண்டும் என்பது அம்மையாரின் ஆசை. உடல்நிலை இடம் கொடுக்கவில்லை. ஆனால் படுக்கையில் கிடந்தபடியே இந்தியப் பட்டாள முகாம்களில் இருந்து விவரங்களை வரவழைத்துப் படித்தார். 1863-ல் வெளியான ராயல் கமிஷன் அறிக்கைக்கு அவருடைய உழைப்பு பெரிது. இந்தியாவில் ஆண்டுக்கு 1,000 வெள்ளைச் சிப்பாய்களில் 69 பேர் இறந்துகொண்டிருந்த நிலை மாறி, 1873-ல் அது 18 ஆகக் குறைந்தது என்று அவரே எழுதினார். சிப்பாய்களோடு நில்லாமல், ஊர் மக்களுக்கும் நல்ல தண்ணீரும் சாக்கடை வசதியும் வேண்டும் என்று வாதாடினார்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் தாக்கியது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்கள். அந்தப் பஞ்சத்தைப் பற்றி இங்கிலாந்துப் பத்திரிகைகளில் எழுதி, பாசனத்துக்கு வழிசெய்யுங்கள் என்று அரசாங்கத்தை இடித்துரைத்தவர்களில் அம்மையாரும் ஒருவர். தஞ்சைச் சீமையில் கொள்ளிடத்துக்கு அணை கட்டிய சர் ஆர்தர் காட்டனின் கருத்துகளை அவர் ஆதரித்தார்.

இந்திய ஆஸ்பத்திரிகளில் நர்சு பயிற்சி எப்படி அமையவேண்டும் என்று 1865-லேயே அவர் யோசனைகள் எழுதிக் கொடுத்தார். 1871-ல் சென்னை அரசாங்கப் பொது ஆஸ்பத்திரியில் பயிற்சி தொடங்கியது. 1909-ல் வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் நர்சு பள்ளி தொடங்கினார்.

அம்மையார் கடைசிக் காலத்தில் பார்வை இழந்தார். 1907-ல் ஆர்டர் ஆப் மெரிட் என்ற பெரும் விருது கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர். 1910 ஆகஸ்டு 13-ந் தேதி தமது 90-வது வயதில் காலமானார். அரசர்களை அடக்கம் செய்யும் வெஸ்ட்மினிஸ்டர் ஆலயத்தில் இடம் தர அரசாங்கம் முன்வந்தது. குடும்பத்தார் ஏற்கவில்லை. ஈஸ்ட் வெல்லோ என்ற கிராமத்தில் பெற்றோரின் பக்கத்தில் அடக்கம் ஆனார். கல்லில் பெயரின் முதல் எழுத்துகளும் பிறந்த, இறந்த ஆண்டுகளும் மட்டும். அவர் பிறந்த மே 12-ந் தேதி உலகம் முழுவதும் நர்சுகள் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

அந்தப் பள்ளியில் இருந்து பாந்திரா வரை

1940-ல் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியின் நைட்டிங்கேல் பள்ளியில் சிசிலி சாண்டர்ஸ் என்ற இளம்பெண் சேர்ந்தார். முதுகு வலியால் நர்சு வேலையைத் தொடர முடியவில்லை. பிறகு ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் குடும்ப நிலையை விசாரித்து உதவும் வேலைக்கு வந்தார். 1948-ல் புற்றுநோயால் இறந்த டேவிட் டாஸ்மா என்ற போலந்து நாட்டவர், அவருடைய கனவுக்கு முதல் செலவாக 500 பவுன் எழுதிவைத்தார். இறக்கப்போகிறவர்கள் வலி இல்லாமல் இருக்க ஓர் இல்லம் வேண்டும் என்பதே அந்தக் கனவு.

லண்டனில் செயின்ட் லூக்ஸ் என்ற ஆஸ்பத்திரியில் நர்சுகள் ஒரு புது வழக்கம் வைத்திருந்தார்கள். நோயாளி வலியில் கதறும் வரை காத்திராமல், 4 மணிக்கு ஒரு முறை கடிகாரத்தைப் பார்த்து மார்பின் மருந்தை வாய்வழியாகக் கொடுத்தார்கள். ரெயில் வந்த பிறகு கைகாட்டியை இறக்கிப் பயன் என்ன? வலி வருவதற்கு முன்பே மருந்து போய்ச்சேரவேண்டும். இதைப் பார்த்த சாண்டர்ஸ், டாக்டர் படிப்பும் படித்து 1957-ல் பட்டம் பெற்று, 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற இல்லத்தைத் திறந்தார். உடல் வலியோடு மனக்கவலை, பணக்கவலை, தனிமை, சாவு பயம் எல்லாம் சேர்ந்ததுதான் நோயாளியின் முழு வலி என்று அவர் கற்பித்தார். 2005-ல் அவர் உயிர் பிரிந்ததும் அந்த இல்லத்திலேதான்.

பரேல் டாட்டா நினைவு ஆஸ்பத்திரி 1941-ல் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இருந்தும் புற்றுநோயாளிகள் அங்கே வந்திருக்கிறார்கள். அந்த ஆஸ்பத்திரியின் அறுவை நிபுணர் டாக்டர் எல்.ஜே. டிசோசா 1986-ல் பாந்திரா மவுண்ட் மேரி கோவில் அருகே சாந்தி அவேதனா சதன் என்ற இல்லத்தைத் தொடங்கினார். இனி நோயைக் குணப்படுத்த முடியாது என்று ஆன பிறகும், வலியைக் குறைத்து, புண்ணைக் கழுவிக் கட்டி, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளும் இல்லம். இந்தியாவில் இந்த வகையில் முதலாவது இதுவே. மதம், மொழி பார்ப்பதில்லை. கட்டணமும் இல்லை.

அதே 1986-ல் உலக சுகாதார நிறுவனம், புற்றுநோய் வலிக்கு மருந்து கொடுக்கும் படிக்கட்டு முறையை வெளியிட்டது. லேசான வலிக்கு லேசான மருந்து, கூடினால் அடுத்த படி, தாங்காத வலிக்கு மார்பின். வாய்வழியாக, கடிகாரப்படி.

ஆனால் நம் நாட்டில் ஒரு தடை இருந்தது. 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கள்ளக்கடத்தலைத் தடுக்க வந்தது. அதன் கெடுபிடியால் ஆஸ்பத்திரிகளே மார்பின் வாங்கத் தயங்கின. மால்வாவில் சர்க்கார் அனுமதியோடு அபின் விளைகிறது, நீமச்சில் சர்க்கார் ஆலை இருக்கிறது, வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளுக்கு ஏற்றுமதியும் ஆகிறது. இங்கே புற்றுநோயாளி இரவெல்லாம் கதறினான். 2014-ல் சட்டம் திருத்தப்பட்டு, அனுமதி பெறும் முறை எளிதாக்கப்பட்டது. இருந்தாலும் தயக்கம் முழுதும் போய்விடவில்லை.

இந்தத் தயக்கம் வீடுகளிலும் உண்டு. வலி மருந்து பழக்கம் ஆகிவிடும், பொறுத்துக்கொள் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். டாக்டர் அளவு பார்த்துக் கொடுக்கும் மருந்தைப் புற்றுநோயாளி போதைக்காகத் தின்பதில்லை. அந்த அளவை வீட்டார் தாங்களாகக் கூட்டவும் கூடாது, பயந்து குறைக்கவும் கூடாது. மலச்சிக்கல், மயக்கம் போன்ற தொந்தரவு வந்தால் டாக்டரிடம் சொன்னால் அதற்கும் வழி உண்டு.

மாத்திரை கொடுத்தாகிவிட்டது என்று வீட்டார் ஒதுங்கிவிடவும் முடியாது. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஒற்றை அறை வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள் எத்தனையோ. அங்கே ஏற்றப்பெட்டியும் இல்லை, அழைப்பு மணியும் இல்லை. ஆனால் அம்மையார் சொன்னவற்றில் பலவற்றுக்கு அது தேவையும் இல்லை. பழைய புடவையை மடித்து முழங்காலுக்கு அடியில் வைக்கலாம். 2 மணிக்கு ஒரு முறை மெதுவாகப் புரட்டிப் படுக்கவைக்கலாம். உலர்ந்த வாயை ஈரத் துணியால் துடைக்கலாம். அவர் தூங்கும்போது டிரான்சிஸ்டரை நிறுத்திவைக்கலாம். மருந்து கொடுத்த நேரத்தையும் வலி வந்த நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்து டாக்டரிடம் காட்டலாம். 8.12 லோக்கலைப் பிடிக்க ஓடும் மகனும், புறப்படும் முன் ஒரு நிமிடம் எதிரே உட்கார்ந்து, மாலை எத்தனை மணிக்கு வருவான் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போகலாம்.